மவுண்ட் ரோட்டின் மேற்கே ஓர் ஏரி

சென்னை மாநகரில் ஆயிரம் விளக்குப் பள்ளிவாசலைக் கடந்து, தேனாம்பேட்டை, நந்தனம் வழியாகச் சைதாப்பேட்டைப் பாலம் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையை இன்று அண்ணா சாலை என்கிறோம். பரங்கிமலைக்குச் செல்லும் பாதையாதலால் முன்னோர் அதனை மவுண்ட் ரோடு என்றனர். அச்சாலையில் தெற்கு நோக்கிச் செல்பவருக்கு வலப்பக்கம் இன்று தெரிவன கடைகளும் அலுவலகங்களும், அவற்றின் பின்னே தியாகராய நகரின் நெரிசலுமே. சற்றேறக்குறைய ஒரு நூற்றாண்டுக்கு முன்னர் அதே பக்கத்தில் தெரிந்தது தண்ணீர். நுங்கம்பாக்கத்தில் தொடங்கிச் சைதாப்பேட்டையை அடுத்து முடிந்த ஏரியொன்று, வில்லைப் போல் வளைந்து, ஏறத்தாழ ஆறு கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடந்தது. வடபாதியை நுங்கம்பாக்கம் ஏரி என்றும் தென்பாதியை மயிலாப்பூர் ஏரி என்றும் மக்கள் வழங்கினர். ஆங்கிலேயர் இரண்டையும் சேர்த்து 'லாங் டேங்க்', அதாவது நீண்ட ஏரி, என்று தம் படங்களில் எழுதி வைத்தனர்.

இவ்வேரி எவ்வாறு மறைந்தது? 1920களில் அரசினர் நீரை வடித்துவிட்டு வீட்டுமனைகள் பிரித்தனர் என்பதே வழக்கமாகச் சொல்லப்படும் விடை. அது பொய்யன்று; ஆயினும் பாதிக் கதையே ஆகும். இச்சாலையின் பழைய நிலப்படங்களைக் கால வரிசையில் அடுக்கி நோக்குவார்க்கு வேறொன்று புலனாகும். ஏரி அழிந்த கதை ஏரியில் தொடங்கவில்லை. சாலைக்குக் கிழக்கே, அந்த ஏரியின் நீரை நம்பியிருந்த வயல்களில் தொடங்கியது. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு பாதையைப் பற்றிக்கொண்டு நாட்டின் வரலாற்றை அறியும் முறை நமக்குப் புதிதன்று. அரபு மொழியில் நிலநூற்கலை வளர்ந்ததே பாதைகளின் வழியாகத்தான். ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் அஞ்சல் துறையில் உயர்பதவி வகித்த இப்னு குர்தாத்பிஹ் தம் நூலுக்குப் 'பாதைகளும் நாடுகளும்' என்னும் பொருள்பட 'அல்மஸாலிக் வல்மமாலிக்' என்று பெயரிட்டார். பாதை முன்னும் நாடு பின்னுமாக அமைந்திருத்தல் ஈண்டு நோக்கத்தக்கது. கி.பி. 985 அளவில் எழுதிய அல்முகத்தஸீ, தம் படங்களில் பாதைகளுக்குச் சிவப்பு, மணற்பரப்புக்கு மஞ்சள், உப்புக் கடலுக்குப் பச்சை, ஆறுகளுக்கு நீலம், மலைகளுக்குப் புழுதி நிறம் என வகுத்துக்கொண்டதைத் தாமே சொல்லியிருக்கிறார். 1154-இல் சிசிலித் தீவின் அரசன் ரோஜருக்காக அல்இத்ரீஸீ வரைந்த உலகப் படத்தில் தென்திசை மேலே இருக்கும். வடக்கே மேலிருக்க வேண்டும் என்பது இறைவன் வகுத்த விதியன்று. வரைபவர் எங்கே நின்று பார்க்கிறார் என்பதைப் பொறுத்தது. பழைய சென்னைப் படங்கள் சிலவற்றில் மேற்கு மேலேயும் கடல் கீழேயும் இருப்பதைக் கண்டு மயங்கும் மாணவர்களுக்கு நான் இதனையே சொல்வதுண்டு: வரைந்தவன் கப்பலில் வந்தவன், அவன் கண்ணுக்குக் கரை எதிரே எழுந்து நின்றது.

ஆகவே ஒரு படத்தை விரிக்கும்போது முதற்கண் கேட்க வேண்டியது, இதனை வரைந்தவருக்கு என்ன வேண்டியிருந்தது என்பதே. பதினெட்டாம் நூற்றாண்டில் சென்னையின் தெற்குப் புறத்தை வரைந்தோருக்கு வேண்டியிருந்தது போர்ச் செய்தி. 1746-இல் நவாப் அன்வருத்தீன் கானின் மைந்தர் மஹ்ஃபூஸ் கானின் படை பிரெஞ்சுக்காரரிடம் தோற்றது அடையாற்றங்கரையில். 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையை முற்றுகையிட வந்தபோது தங்கியது, திருவல்லிக்கேணிக்கும் இந்த ஏரிக்கும் இடையிலிருந்த சத்திரத்து மைதானத்தில். 1767-இல் இளைஞரான திப்புவின் குதிரைப்படை புறநகர்த் தோட்ட வீடுகள் வரை வந்து திரும்பியது. 1769-இல் ஹைதர் அலீ பரங்கிமலையருகே வந்து நின்று கும்பினியாரை உடன்படிக்கைக்கு இணங்கச் செய்தார். குதிரையும் பீரங்கியும் ஏரியைக் கடக்க மாட்டா. எனவே தண்ணீர் எங்கே, கரை எங்கே, எவ்வழி திறந்திருக்கிறது என்பன படங்களில் கவனமாக ஏறின. வயலில் விளைந்தது என்ன, யார் உழுதார் என்பன ஏறவில்லை. ஏரியின் வடிவத்தை நாம் இன்று அறிவதற்கு அந்தப் போர்களுக்கு நன்றி சொல்ல வேண்டியிருப்பது வேடிக்கைதான்.

விளைச்சலைப் பற்றிக் கவலைப்பட்டவர் வேறு வகையினர். அவர் வருவாய்த் துறையினர். 1763-இல் நவாப் வாலாஜாஹ் முஹம்மது அலீ செங்கற்பட்டுச் சீமையைக் கும்பினிக்கு ஜாகிராக அளித்தார். அந்த ஜாகிரை 1767 முதல் 1774 வரை தாமஸ் பார்னார்டு என்னும் பொறியாளர் ஊர் ஊராக அளந்தார். அவ்வளவைக்கு ஆதாரமாயிருந்த தமிழ் ஓலைக் கணக்குகளில், விளைச்சலில் கோயிலுக்கு இவ்வளவு, பக்கீர்களுக்கு இவ்வளவு, ஏரிப் பராமரிப்புக்கு இவ்வளவு என ஒதுக்கிய விவரம் உண்டு. அறிஞர் தரம்பால் இவற்றை ஆராய்ந்து வெளிப்படுத்திய பின்னரே அக்கால ஊராட்சியின் செம்மை பலருக்குத் தெரிய வந்தது. ஏரி என்பது வெறும் நீர்ப்பரப்பு அன்று, ஓர் ஏற்பாடு. உள்வாய், கரை, மதகு, கலங்கல், வாய்க்கால், ஆயக்கட்டு என்னும் உறுப்புகளும், அவற்றைப் பேணும் மக்களும், அம்மக்களுக்கு அதனால் வரும் பங்கும் சேர்ந்ததே ஏரி. அவற்றுள் ஒன்று போனால் மற்றவை நெடுநாள் நில்லா.

இவ்விடத்தில் ஒரு சிறு விலகலை வாசகர் பொறுத்தருள வேண்டும். நிலப்படங்களோடும் நிலக் கணக்குகளோடும் பழகுவோர் நாள்தோறும் உச்சரிக்கும் சொற்களில் நம் மதரஸா மாணவனுக்குத் தெரிந்தவை எத்தனை! தாலுகா என்பது 'தஅல்லுக்'. ஜில்லா என்பது 'ளிலஃ', அதாவது விலாப்புறம். பசலி என்பது அறுவடைப் பருவத்தைக் குறிக்கும் 'ஃபஸ்ல்'. மிராசு என்பது 'மீராஸ்'. வசூல், நகல், மகசூல், இனாம் யாவும் அவ்வாறே. நெஞ்சைத் தொடுவது குடிமராமத்து என்னும் சொல். மராமத்து என்பது பழுதுபார்த்தலைக் குறிக்கும் 'மரம்மத்' ஆகும், குடியோ பழந்தமிழ். ஊர்க் குடிகள் ஒன்றுகூடித் தம் ஏரியின் கரையைத் தாமே செப்பனிடும் வழக்கத்துக்குத் தமிழும் அரபும் இணைந்து பெயர் தந்திருக்கின்றன. வகுப்பில் இதனைச் சொன்னபோது மாணவன் ஒருவன், "அப்படியானால் மராமத்து இலாகாவும் நம்முடையதா, ஹஜ்ரத்?" என்று கேட்டான். சொல் மட்டும் என்றேன்.

ஆயினும் சொல்லாசை அளவு கடத்தலாகாது. கோடம்பாக்கம் என்பது நவாபின் குதிரைகள் நின்ற 'கோடா பாக்' என்று நம்மவர் பலர் பெருமையோடு எழுதி வருகின்றனர். நுங்கம்பாக்கம், கீழ்ப்பாக்கம், நெசப்பாக்கம் என்று சுற்றிலும் பாக்கங்கள் சூழ்ந்திருக்க, நடுவில் உள்ள ஒரு பாக்கம் மட்டும் பாரசீகத் தோட்டமாதல் எங்ஙனம்? பாக்கம் என்பது தொண்டை மண்டலத்தில் ஊரைக் குறிக்கும் தமிழ்ச் சொல். நமக்குரிய பெருமைகள் வேறு பல உள. இதனை விட்டுவிடுதலே முறை. சையித்கான் பேட்டை என்பதே சைதாப்பேட்டையாகத் திரிந்தது என்னும் விளக்கமோ பொருத்தமுடையது. படங்களும் பத்திரங்களும் அதற்கு இடம் தருகின்றன.

ஊர்ப்பெயரைப் படத்தோடு வைத்துப் பார்த்தால் பழைய நிலப் பயன் தெரியும் என்பதற்கு இச்சாலையோரமே சிறந்த சான்றுகள் உண்டு. ஏரியின் தென்பாதி மாம்பலத்துக்கும் தேனாம்பேட்டைக்கும் நடுவில் கிடந்தது. மயிலாப்பூரோ அங்கிருந்து கிழக்கே, கடலோரத்தில் உள்ளது. அவ்வாறிருக்க, அதற்கு மயிலாப்பூர் ஏரி என்னும் பெயர் வந்தது ஏன்? நம் நாட்டில் ஏரி பெரும்பாலும் தான் கிடக்கும் இடத்தின் பெயரையன்று, தன் நீரைப் பெறும் ஊரின் பெயரையே கொள்ளும். நிலம் மேற்கிலிருந்து கடலை நோக்கிச் சாய்ந்திருக்கிறது. கிழக்குக் கரையின் மதகுகளைத் திறந்தால் நீர் சாலையைக் கடந்து மயிலாப்பூர்ப் பக்கத்து வயல்களுக்கே இறங்கும். ஆதலின் அந்தப் பெயரே நீருரிமைப் பத்திரம் போன்றது என்பது என் கருத்து. அதற்கும் அப்பால் இருக்கும் மந்தைவெளி, பெயரிலேயே மேய்ச்சல் நிலம். ஏரி, வயல், ஊர், மந்தை மேயும் வெளி, பிறகு கடல். மேற்கிலிருந்து கிழக்காக ஒரு கோடு கிழித்தால் பழைய மயிலாப்பூரின் பொருளியல் முழுவதும் அக்கோட்டில் அகப்படும்.

கபாலீசுவரர் கோயிலின் எதிரிலுள்ள தெப்பக்குளம் வேறு, இவ்வேரி வேறு. ஆங்கிலப் படங்கள் இரண்டையும் 'டேங்க்' என்ற ஒரே சொல்லால் குறித்தமையால் எழுந்த குழப்பம் இன்றும் சில கட்டுரைகளில் தொடர்கிறது. ஏரி, குளம், குட்டை, ஊருணி, தாங்கல் எனத் தமிழ் பிரித்துச் சொல்லும். அரபும் புஹைரா, பிர்கா, ஃகதீர், ஹவ்ள் எனப் பிரிக்கும். ஒரே சொல்லில் அடக்கிய மொழிக்காரர்கள் நீருக்கும் நீருக்கும் உள்ள வேற்றுமையைக் காணாதது வியப்பன்று.

இனிச் சாலைக்கு வருவோம். இவ்வழியின் பழமைக்கு அசையாச் சான்று அடையாற்றின் மேல் 1726-இல் கட்டப்பட்ட பாலம். கட்டியவர் ஆர்மீனிய வணிகர் கோஜா பெத்ருஸ் உஸ்கான்; தம் சொந்தப் பொருளைச் செலவிட்டுக் கட்டினார். மாம்பலம் என்பதை ஆங்கிலேயர் 'மார்மலாங்' என்று சிதைத்து அப்பாலத்துக்குப் பெயராக்கினர். 1966-இல் அதனிடத்தில் எழுந்த புதிய பாலம் மறைமலையடிகள் பெயரைத் தாங்குகிறது. பாலம் வந்த காலத்தில் இருபுறமும் ஊர்களும் வயல்களும் தோப்புகளுமே இருந்தன. நுங்கம்பாக்கம் 1708-இலும் மயிலாப்பூர் 1749-இலும் கும்பினியின் கைக்கு வந்தன. அதன் பின்னரே மாற்றம் தொடங்கியது.

கோட்டைக்குள் நெருக்கமாக வாழ்ந்த கும்பினி அதிகாரிகளும் வணிகரும் போர் அச்சம் தணியத் தணிய வெளியே குடியேறினர். அவர்கள் தேர்ந்தது சத்திரத்து மைதானத்தையும் மவுண்ட் ரோட்டின் ஓரங்களையும். ஒவ்வொரு வீட்டுக்கும் பல ஏக்கர் தோட்டம், நடுவில் தூண்கள் நிறைந்த மாளிகை. இவையே தோட்ட வீடுகள். 1798-இல் சென்னை நகரின் எல்லையை வகுத்தபோது மேற்கெல்லையாக அரசினர் கொண்டது இந்த நீண்ட ஏரியின் கரையையும் நுங்கம்பாக்கம் ஏரியின் கரையையுமே. இது மிக முக்கியமான செய்தி. கரைக்குக் கிழக்கே நகரம், மேற்கே நாட்டுப்புறம் என்று காகிதத்தில் ஒரு கோடு விழுந்தது. அதுவரை ஏரியும் அதன் ஆயக்கட்டும் ஒரே உடம்பு. அன்று முதல் ஏரி ஒரு கணக்கிலும் வயல் வேறொரு கணக்கிலும் சென்றன.

1822-இல் கேப்டன் ராவன்ஷா அளந்து வரைந்த பெரிய படம் இதன் விளைவைக் காட்டுகிறது. சாலைக்கு மேற்கே ஏரி தன் வடிவம் கெடாமல் நிற்கிறது. கிழக்கே தோட்ட வீடுகளின் மதில்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு வளர்ந்திருக்கின்றன; அவற்றினிடையே பழைய ஊர்களும் எஞ்சிய வயல்களும் சிதறிக் கிடக்கின்றன. சென்னை அக்காலத்தில் ஒரு நகரமாயிருந்ததை விட ஊர்களின் தொகுப்பாகவே இருந்தது என்று 1979-இல் சூசன் நீல்ட் என்னும் வரலாற்றாசிரியர் எழுதியதும் இத்தகைய படங்களை வைத்தே. நான் அதனோடு ஒன்றைச் சேர்ப்பேன். தோட்ட வீட்டுக்காரருக்குக் கிணறு போதும். முறைவைத்து மதகு திறக்க வேண்டிய தேவை அவருக்கில்லை. வாய்க்கால் அவர் தோட்டத்துக்குள் ஓடினால் அது கொசுவும் சேறுமாகிய தொல்லையே. வயலுக்குரியவன் ஏரிக்கரை உடைந்தால் இரவோடிரவாக மண்வெட்டியோடு ஓடுவான். தோட்டத்துக்குரியவர் அரசுக்குக் கடிதம் எழுதுவார். ஏரிக்காக வழக்காடும் குடிகள் இவ்வாறு ஒரு தலைமுறைக்கு ஒரு பகுதியாகக் குறைந்தனர்.

மவுண்ட் ரோடு மாலை நேரத்து உலாச் சாலையாயிற்று. கார்ன்வாலிஸ் பிரபுவின் நினைவாகத் தேனாம்பேட்டையருகே எழுப்பிய நினைவு மண்டபத்தைச் சுற்றிச் சுற்றி வெள்ளையர் வண்டியோட்டிக் காற்று வாங்கியதை 1812-இல் வெளிவந்த தம் நூலில் மரியா கிரகாம் என்னும் அம்மையார் சற்றுக் கேலியோடு வருணித்திருக்கிறார். மண்டபம் பின்னர் அங்கிருந்து போய்விட்டது. செனடாப் ரோடு என்னும் தெருப்பெயர் மட்டும் நிலைத்தது. 1816-இல் புனித ஜார்ஜ் பேராலயம் எழுந்தது. 1835-இல் தோன்றிய வேளாண் தோட்டக்கலைச் சங்கம் அதனருகே பூந்தோட்டம் அமைத்தது. அத்தோட்டத்தின் ஒரு பகுதி 1962-இல் உணவகமாகி, 2010-இல் செம்மொழிப் பூங்காவாயிற்று. இருநூறாண்டுப் படங்களை அடுக்கினால், சுற்றிலும் எல்லாம் மாறியும் பச்சை நிறம் முற்றிலும் நீங்காத துண்டு இதுவே. சைதாப்பேட்டையில் 1868-இல் தொடங்கிய வேளாண்மைப் பள்ளி 1906-இல் கோயமுத்தூருக்குப் பெயர்ந்தது. இன்றைய வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேர் அதுதான். உழவைக் கற்பிக்கும் பள்ளியும் இச்சாலையை விட்டு வெளியேறியது என்பதைக் குறித்துக்கொள்வோம்.

ஏரிக்கு எஞ்சியிருந்த தேவைகளும் ஒவ்வொன்றாக நீங்கின. 1872-இல் செங்குன்றம் ஏரி நீர் நகரத்துக்கு வந்தது. பின்னர் குழாய்கள் பெருகின. அடுத்திருந்த நீரைப் பற்றி நகரத்தாருக்கு அக்கறை போயிற்று. அதே காலத்தில் தென்னிந்திய இருப்புப்பாதை ஏரியின் மேற்குப் புறத்தில் வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்துப் படங்களில் ஏரி ஒருபுறம் சாலையும் மறுபுறம் இருப்புப்பாதையுமாக நடுவில் அகப்பட்டுக் கிடக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அதில் நடந்தது வெள்ளையரின் படகுப் போட்டி. உழவனுக்கு உணவாயிருந்த நீர் காட்சிப் பொருளாயிற்று.

இனி அதன் இறுதி. 1920-இல் சென்னை நகரமைப்புச் சட்டம் வந்தது. 1923-இல் மாம்பலம் வீட்டுத் திட்டம் தொடங்கியது. 1,600 ஏக்கர் அளவில் திட்டமிட்டனர். ஏரியின் நீரை அடையாற்றில் வடித்தனர். நகரத்தின் மக்கள்தொகை 1921-இல் 5,26,911, 1931-இல் 6,47,230. முந்தைய இருபதாண்டுகளில் இருபதினாயிரம் கூட உயராத நகரம், பத்தாண்டில் ஓரிலக்கத்து இருபதினாயிரம் உயர்ந்தது. வீடு வேண்டும் என்ற கூக்குரல் உண்மையானதே. அதனைப் பழித்தல் நேர்மையன்று. திட்டமிட்டவர்களும் அறிவிலிகள் அல்லர். நடுவில் பூங்கா வைத்து, அதனின்று தெருக்களைப் பிரித்து, அழகான நகர் ஒன்றை வரைந்தனர். நீதிக் கட்சித் தலைவர் பிட்டி தியாகராயரின் பெயரை நகருக்கும், முதலமைச்சராயிருந்த பனகல் அரசரின் பெயரைப் பூங்காவுக்கும் சூட்டினர். 1934-இல் சில திங்கள் சென்னை மாகாண ஆளுநர் பொறுப்பை வகித்த ஸர் முஹம்மது உஸ்மான் பெயரால் உஸ்மான் ரோடும், வைஸ்ராயின் நிர்வாக சபையில் அமர்ந்த ஸர் முஹம்மது ஹபீபுல்லாஹ் பெயரால் ஹபீபுல்லா ரோடும் அமைந்தன. பஸ்லுல்லா ரோடும் அருகிலேயே உண்டு. நம் சமுதாயத்துப் பெருமக்களின் பெயர்கள் அந்நாளைய பொதுவாழ்வில் எவ்வளவு இயல்பாகக் கலந்திருந்தன என்பதற்கு இத்தெருக்கள் சாட்சி.

ஆனால் ஏரியின் உள்வாய் யாருடையது என்ற கேள்வி எழவேயில்லை. வருவாய்ப் பதிவேட்டில் அதற்குப் பட்டா இல்லை, பட்டா இல்லாதது புறம்போக்கு, புறம்போக்கு அரசுடையது. பல ஊர்க் குடிகளின் பொதுவுரிமையாயிருந்த ஒன்று, எவருக்கும் தனியுரிமை இல்லாமையால் எவருக்கும் உரியதன்று என்று கொள்ளப்பட்டது. நம் ஃபிக்ஹு நூல்கள் கிணற்றையும் கால்வாயையும் சுற்றியுள்ள நிலத்தை 'ஹரீம்' என்று வகுத்து, அதில் பிறர் தோண்டவோ கட்டவோ கூடாதென விலக்கும். நீரின் பொருட்டு நீரைச் சூழ்ந்த நிலத்துக்கும் ஒரு மரியாதை உண்டு என்பது அச்சட்டத்தின் உட்பொருள். கும்பினி வகுத்த நில அளவைக்கு அத்தகைய நிறம் இல்லை. அப்போது தேனாம்பேட்டைப் பக்கத்தில் ஆயிரம் ஏர் ஓடியிருந்தால், மதகடைப்பதற்கு முன் ஒரு வழக்காவது நீதிமன்றம் ஏறியிருக்கும். உழுதவர் இல்லாது போயினர். எனவே ஏரிக்காகப் பேசவும் எவருமில்லை. 1923-இல் நடந்தது அடக்கமே. உயிர் பிரிந்தது முன்னரே.

வடபாதி சற்று மெதுவாகப் போயிற்று. 1925-இல் லயோலா கல்லூரி நுங்கம்பாக்கம் ஏரியை ஒட்டிய நிலத்தில் தொடங்கியது. பின்னர் ஏரியில் தெருக்கள் வந்தன. அப்பகுதிக்கு 'லேக் ஏரியா' என்றே பெயர். கரையிருந்த இடத்தில் டேங்க் பண்ட் ரோடு. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு. ஏரியைக் காணும் சாலை என்று பெயர், காண ஏரிதான் இல்லை. 1976-இல் ஏரியின் எஞ்சிய பள்ளத்தில் வள்ளுவர் கோட்டம் எழுந்தது. தெற்கே, 1952-இல் பிறந்த நந்தன ஆண்டின் நினைவாக இராஜாஜி புதிய குடியிருப்புக்கு நந்தனம் எனப் பெயரிட்டார். வானோர் தோட்டத்தின் பெயரும் அதுவே.

படத்திலிருந்து அழித்தவற்றை நிலம் மறப்பதில்லை என்பதற்குப் படமே வேண்டியதில்லை. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் ஒருமுறை நடந்து பார்த்தால் போதும். மவுண்ட் ரோட்டிலிருந்து தியாகராய நகருக்குள் மேற்காகத் திரும்பும் தெருக்கள் பலவற்றில் நிலம் தாழ்கிறது. இறங்குவது பழைய ஏரியின் உள்வாய்க்கு. 2015 டிசம்பரில் அடையாறு பெருகியபோது சைதாப்பேட்டைப் பாலத்தில் போக்குவரத்து நின்றது. 2021 நவம்பரில் அடையாறு பெருகாமலே, ஓரிரவு மழையில் தியாகராய நகரின் தெருக்களில் நாட்கணக்காகத் தண்ணீர் நின்றது. மாம்பலம் கால்வாயில் கட்டடக் கழிவுகள் கிடந்து வழியை அடைத்திருந்தன என்பது அப்போது வெளிவந்த செய்தி. அதனை மட்டும் காரணமாகச் சொல்லிப் பலர் அமைந்தனர். அடைப்பை நீக்கலாம்; நீக்க வேண்டும். ஆனால் ஏரி கொண்டிருந்த நீர் முழுவதையும் ஒரு கால்வாய் கொண்டுபோக வேண்டும் என எதிர்பார்த்தது யார் என்பதையும் கேட்க வேண்டுமன்றோ?

அந்தக் கால்வாயின் போக்கை இன்றைய படத்தில் ஒரு மெல்லிய தாளில் எடுத்து, 1822-ஆம் ஆண்டுப் படத்தின் மேல் அளவொப்ப வைத்துப் பார்த்தேன். வள்ளுவர் கோட்டத்தருகே தொடங்குகிறது. தியாகராய நகரின் நடுவே வளைகிறது. வெங்கட்நாராயணா ரோட்டைத் தாண்டி, நந்தனத்தின் வழியே அடையாற்றில் கலக்கிறது. வடகோடி முதல் தென்கோடி வரை அது ஏரியின் நீலத்துக்குள்ளேயேதான் ஓடியது.